மரணத்தின் பொருட்டு மூன்று மாதம்

எல்லேதெனியத் தோட்டத்துச் சவரிமுத்து தன் உடலை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்கப் புறப்பட்டபோது அவருக்கு விஞ்ஞானத்தின் மேல் எந்தப் பற்றும் இருக்கவில்லை. விஞ்ஞானம் அதுவரை அவருக்குச் செய்தது தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஊற்றிக் கொடுத்த சிவப்புத் தண்ணீர் ஒன்றுதான். இந்த நாட்டை விட்டுப் போகாமலிருக்க வேறு வழி எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் அவர் புறப்பட்டார்.

இரண்டு நாடுகள் கூடிப் பேசித் தோட்டங்களில் இருந்தவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. பங்கு, தோட்டத்து ஆட்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேரத்தான் நாள் எடுத்தது. ரோசலினும் அவள் புருஷன் ஜோனும் பிள்ளைகளும் இந்த நாட்டுக்கு என்று வந்தது. ரோசலினைப் பெற்ற சவரிமுத்து அந்த நாட்டுக்கு என்று வந்தது. அவர் பெண்சாதி தெரேசம்மா முன்பே இறந்து ரப்பர் மலைக்குக் கீழே கிடந்ததால் இரண்டு நாட்டுக்கும் ஆகாமல் தப்பித்துக்கொண்டாள்.

அந்த நாட்டில் சவரிமுத்துவுக்கு ஒருவரும் இல்லை. திருச்சிராப்பள்ளிப் பக்கம் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் கடவுச்சீட்டு வந்தது. அதில் அவர் படம் ஒட்டியிருந்தது. அறுபத்துச் சொச்ச வயதில் அவர் எடுத்துக்கொண்ட முதல் படம். கப்பலேறும் தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று திருப்பியனுப்பல் பிரிவு எழுதியிருந்தது. லயத்தில் ரோசலினின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் இருந்து, அங்கேயே செத்து, தெரேசம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதற்கு மேல் சவரிமுத்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

கேகாலையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே ஒரு கடை விறாந்தையில் மேசை போட்டு மனுவும் பெட்டிசமும் எழுதிக்கொண்டிருந்த பளீலிடம் அவர் அதைத்தான் சொன்னார்.

"நானா, எப்படியாச்சும் நிப்பாட்டுங்க. இன்னொரு பெட்டிசம் போடுங்க."

"போட்டதெல்லாம் போட்டாச்சி, பெரியவர். ஒங்கட பெட்டிசத்த அடுக்கியே அவங்க ஒரு அலுமாரிய நெரப்பி ஈப்பாங்க."

பளீலின் தலைக்குமேல் சுவரில் மூன்று மொழியில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கைகூப்பி நின்றார். டொக்டர் ஒருவர் தன்னைப் போன்றவர்களைப் பார்த்துக் கும்பிடுவதைச் சவரிமுத்து அதுவரை கண்டதில்லை. அது என்ன என்று கேட்டார்.

"மவுத்தானதுக்குப் பொறகு ஒடம்ப அரசாங்கத்துக்குக் கொடுக்கச் சொல்றாங்க. டொக்டருக்குப் படிக்கிற புள்ளைகள் வெட்டிப் பாக்க. கொலைக் கேஸ் பாக்கிற டொக்டர்மாரும் அதுலதான் பழகோணுமாம். அதுக்கிண்டு ஒரு சட்டம், ஒரு சபை."

"எழுதிக் குடுத்துட்டா ஒடம்பு யாருக்குச் சொந்தங்க?"

"அரசாங்கத்துக்குத்தான்."

சவரிமுத்து விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது தோட்டத்தில் பிறந்த ஆளுக்குத்தான் வரும்.

அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். 'இந்த ஆளிடம் எங்களுக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை, இவன் போகலாம்' என்று சொல்லும் ஒரு காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். கங்காணிக்கு ஏதாவது வரவேண்டியிருந்தால் துண்டு கிடைக்காது. துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் எடுக்காது. அவருடைய அப்பா துண்டு கேட்டுக் கேட்டு, கிடைக்காமலே இதே எல்லேதெனியவில் செத்தார். அந்தச் சட்டம் பிற்பாடு ஒழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். சவரிமுத்து அதை நம்பவில்லை. சட்டம் வேறு பெயரில் திரும்பி வரும், ஒழியாது என்பதே அவர் கண்டது.

"நானா, நான் அரசாங்கத்துக்கு ஒடம்பு குடுக்க வேண்டிய ஆளுன்னு ஆயிட்டா, அதைக் குடுக்காம என்னைய எப்படி வெளியில விடுவாங்க? துண்டு தர மாட்டாங்கல்ல?"

பளீல் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"பெரியவர், நீங்க ரப்பர் மரத்த வெட்டிக்கிட்டு ஈக்கிற ஆளில்ல. ஒங்கள எங்கயோ மேல வெச்சிருக்கோணும்."

உடலேற்பு ஒழுங்குபடுத்தற் சபை ஊருக்கு வெளியே ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், தட்டெழுத்துக்காரர்கள், பியூன்கள், காவலாளி, நீளமான வெள்ளை வான் ஒன்று, மின்சாரம் இன்னும் வந்து சேராத குளிர் அறை ஒன்று, எல்லாம் இருந்தன. உடல் மட்டும் இருக்கவில்லை. சபை உண்டானதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அதனால் வேலை குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏன் வரவில்லை என்று கொழும்புக்கு விளக்கம் எழுதவே ஆள் போதாமல் இருந்தது.

விதிகள் அப்படி. சபைக்கு உரிய உடல் அலுவலக நேரத்தில் மட்டுமே ஏற்கப்படும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் சனி, ஞாயிறிலும் இறப்பவர்கள் தகுதி இழப்பார்கள். இறந்தவர் மூன்று நாள் முன்னறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும்.

செயலாளர் பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். திருநீறு கலையாத நெற்றியும் கசங்காத சட்டையுமாக அவர் வாசலில் நின்ற கிழவரை ஏற இறங்கப் பார்த்தார். உடல் கொடுக்க வந்திருப்பதாகக் கேட்டதும், எழுந்து நின்றார். பிறகு எழுந்தது கூடிப்போயிற்று என்று உட்கார்ந்தார்.

"உடற்கொடை எண்டது கோயிலுக்கு ஆடு விடுற மாதிரி இல்லை, விளங்குதோ? இதுக்கு ஒரு சட்டம் இருக்கு. சட்டத்துக்குக் கீழ விதி இருக்கு. விதிக்குக் கீழ நான் இருக்கிறன்."

"சரிங்க ஐயா."

"முதலாவது, இந்த உடம்பு உம்முடையதுதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

சவரிமுத்து குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "நான் இதுக்குள்ளதாங்க இருக்கேன்."

"இருக்கிறது வேற, உரிமை வேற. நீர் லயத்தில இருக்கிறீர். லயம் உம்முடையதோ?"

"இல்லீங்க."

"அப்ப?"

ஆகவே அத்தாட்சிகள் தேவைப்பட்டன. காலை முதல் ரப்பர் பால் நிறுக்கும் நேரம் வரை கைகள் இரண்டும் தோட்டத்துக்கு உரியவை, மற்றப் பாகங்களில் தோட்டத்துக்கு அக்கறை இல்லை என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்தார். வேதக்கோயில் சாமியார் 'ஆன்மா நீங்கலாக' ஆட்சேபம் இல்லை என்று எழுதினார். ஆன்மா உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதை நீக்கித் தரும் பொறுப்பு யாருடையது, நீக்கும்போது உடலுக்குச் சேதம் வருமா என்று சபை திருப்பிக் கேட்டது. சாமியார் பதில் எழுதவில்லை. பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ளும் விதி ஒன்று நல்லவேளையாக இருந்தது.

ஏற்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சபைத் தலைவர் ஓய்வுபெற்ற டொக்டர், சிங்களவர், நல்ல மனிதர் என்று பெயர். அவர் சிங்களத்தில் பேசினார். பஞ்சலிங்கம் தமிழாக்கினார். பக்கத்துக் கிராமத்தாரோடு பிறந்தது முதல் பழகிய சவரிமுத்துவுக்குத் தலைவர் சொன்னதெல்லாம் முதலிலேயே விளங்கிவிட்டது. இருந்தாலும் மரியாதைக்காகத் தமிழ் வரும்வரை முகத்தை ஒன்றும் விளங்காததுபோல வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த எளிய மனிதருடைய பெருந்தன்மைக்கு நாடு தலை வணங்குகிறது என்று தலைவர் சொன்னார்.

"உம்மட உடம்பு இண்டையிலிருந்து அரசாங்கச் சொத்து," என்றார் பஞ்சலிங்கம். "நீர் அதுக்குக் காவல்காரன். சம்பளம் இல்லை."

சபை அன்றைக்கே திருப்பியனுப்பல் பிரிவுக்கு எழுதியது: மேற்படி நபர் எமது சபைக்கு உரிய பொருளாக இருப்பதால் அவரை நாட்டைவிட்டு அகற்றுவது அரச சொத்தை ஏற்றுமதி செய்வதாகும். பதில் வந்தது. அதை விறாந்தையில் வைத்துப் பளீல் இரண்டு தரம் வாசித்தார். சவரிமுத்து இந்த நாட்டில் தங்கியிருக்க, மரணத்தின் பொருட்டு, மூன்று மாதம் அனுமதிக்கப்பட்டிருந்தார்.

ரோசலின் அன்று தேயிலைத் தண்ணீரில் சீனி போட்டாள். அந்த வருடம் சீனி மருந்தைப்போலக் கிடைத்தது.

"அப்பா, சாகிறதுக்குத்தானே மூணு மாசம் குடுத்திருக்காங்க?"

"குடுத்துட்டாங்கல்ல? மூணு மாசம் முடிஞ்சா இன்னொரு மூணு மாசம் கேப்போம். சாவு என்ன, காலையில பெரட்டுக்கு ஆளு வர்ற மாதிரி கொம்பு ஊதுனதும் வந்து நிக்குமா?"

தப்புக் கணக்கு அல்ல. முதல் மூன்று மாதம் முடிந்தது. இன்னொரு மூன்று மாதம் கிடைத்தது. லயத்தில் அவருக்குப் புதுப் பெயரும் கிடைத்தது. குழாயடிக்கு அவர் தண்ணீருக்குப் போனால், "கவுருமெண்டுப் பொணம் வருது, வழி விடுங்கப்பா" என்று பெண்கள் ஒதுங்கினார்கள். "ஏன் மாமா, ஒங்களைத் தொட்டா போலீஸ் புடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். "புடிக்கும். தொட்டுப்புடாத, சீல் அடிச்ச ஒடம்பு" என்றார் சவரிமுத்து. அவர் சிரித்துப் பேசிய கடைசிக் காலம் அதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் சபைக்குப் போய் உடலைக் காட்ட வேண்டும். இரண்டாம் தரம் போனபோது அவர் இடது பெருவிரலில் பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் இருந்தது. பஞ்சலிங்கம் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

"மரம் வெட்டுறப்ப வழுக்கிடுச்சுங்க."

"அரச சொத்துக்குச் சேதம். நீர் எண்டபடியா இந்த முறை எச்சரிக்கையோட விடுறன். இனிமேல் கத்தி தொடக் கூடாது, மழையில நனையக் கூடாது, வழுக்குற இடத்துக்குப் போகக் கூடாது."

"அப்படிப் பார்த்தா தோட்டத்துல எங்கயும் போக முடியாதுங்களே."

"அதைத்தான் சொல்லுறன்."

கத்தி தொடாத ஆளைத் தோட்டம் ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் வைத்திருக்காது. பேர் வெட்டப்பட்டது. அந்த வருடம் நாட்டில் மாவு இல்லை; பேக்கரியில் பாண் இல்லை; தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் தோண்டித் தீர்ந்து, ஆட்கள் கண் முன்னாலேயே சுருங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோனும் ரோசலினும் வேலைக்குப் பெயர் போட்டுச் சம்பாதித்துக் கொண்டுவருவதில் பிள்ளைகளோடு சேர்த்து இப்போது கிழவரும் சாப்பிட வேண்டியிருந்தது. ரோசலின் தன் பங்கைச் சத்தமில்லாமல் அவர் தட்டில் தள்ளினாள்.

"நீ திங்கலையா?"

"நான் அடுப்படியிலயே தின்னுட்டேன். நீங்க அரசாங்கச் சொத்துப்பா. எளைச்சுப் போனா எங்களைத்தான் புடிப்பாங்க. சாப்பிடுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த பரிசோதனையில் அதுதான் நடந்தது. தலைவர் அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, புயத்தை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்து, உச்சுக் கொட்டினார்.

"தலைவர் கவலைப்படுறார்," என்றார் பஞ்சலிங்கம். "எலும்பு படிக்கிற பிள்ளையளுக்கு நீர் போதும். தசை படிக்கிற பிள்ளையள் என்ன செய்யிறது? இது நம்பிக்கைத் துரோகம். உம்மை ஏற்கேக்க இருந்த நிறை இப்ப எங்க?"

"சாப்பாடு இல்லீங்க ஐயா."

"ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையும் பாலும் எடுக்கச் சொல்லிச் சிபார்சு செய்யிறம்."

சவரிமுத்து கண்ணை அகல விரித்தார். "யாருங்க ஐயா குடுப்பாங்க?"

"சிபார்சு செய்யிறதுதான் எங்கட வேலை. குடுக்கிறது வேற திணைக்களம். அந்தத் திணைக்களம் இன்னும் உண்டாக்கேல்லை."

நாலாவது முறை அனுமதி கேட்டபோது கடிதத்தோடு முடியவில்லை. நேரில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் பஞ்சலிங்கமும் இருந்தார்கள். இந்தப் பக்கம் சவரிமுத்து நின்றார். அவருக்கு இப்போது நின்றால் மூச்சு வாங்கியது. அதை அவர் மறைத்துக்கொண்டார். பிறகு மறைப்பது நல்லதா, காட்டுவது நல்லதா என்று குழம்பி, பாதி மறைத்தார்.

மரணத்துக்கென்று தரப்பட்ட காலத்தை இவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று தலைவர் வருத்தத்துடன் கேட்டார்.

பஞ்சலிங்கம் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே சொல்ல நிறைய இருந்தது.

"நாங்கள் உம்மை நம்பித்தான் வருஷ அறிக்கை எழுதினது. 'உடல் ஒன்று, கிடைக்கவுள்ளது' எண்டு போன வருஷம் எழுதினம். இந்த வருஷமும் 'கிடைக்கவுள்ளது' எண்டு எழுத ஏலுமோ? கொழும்பில சிரிக்க மாட்டினமோ? சாகிறதுக்கு எண்டு நேரம் வாங்கிப்போட்டு, நீர் அதில சீவிச்சுக்கொண்டு இருக்கிறீர். இது அரச நேரத்தைத் துஷ்பிரயோகம் செய்யிறது. என்னைப் பாரும். சிங்களச் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டு எனக்குச் சம்பள உயர்வை நிப்பாட்டி வைச்சிருக்கினம். நான் முறைப்பாடு செய்தனானோ? சட்டம் எண்டாச் சட்டம். ஒவ்வொரு வருஷமும் சோதினைக்குப் போறன். விழுறன். திரும்பப் போறன். நீர் ஒரு முயற்சியும் எடுக்கேல்லை."

"முயற்சி பண்ணலாங்களா ஐயா?"

"கூடாது! தற்கொலை குற்றம். அது மரண விசாரணைக்குப் போகும், எங்களுக்கு வராது. நாங்கள் ஒருத்தரையும் சாகச் சொல்லுறேல்லை, நாங்கள் என்ன காட்டுமிராண்டியளோ? நீர் ஒரு திகதியைச் சொன்னாப் போதும்."

சவரிமுத்து யோசித்துப் பார்த்தார். பெரியவர்கள் இவ்வளவு தூரம் கேட்கும்போது ஒன்றும் சொல்லாமல் நிற்பது சரியில்லை என்று பட்டது.

"வர்ற மழைக்குத் தாங்காதுன்னு நெனைக்கிறேங்க."

பஞ்சலிங்கம் அதைக் குறித்துக்கொண்டார். "தென்மேற்குப் பருவமோ, வடகிழக்குப் பருவமோ?" என்று கேட்டார்.

எந்த மழையும் வருமுன் கணக்காய்வாளர் ஒருவர் வந்தார். அவர் இரண்டு நாள் சபையிலிருந்து தேநீர் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதிவைத்துப் போனார். உடலை வழங்கியவர் வேறு நாட்டுப் பிரசை. அப்படியானால் இது வெளிநாட்டு உதவி. வெளிநாட்டு உதவியை ஏற்க இந்தச் சபைக்கு என்ன அதிகாரம்?

சபை அவசரமாகக் கூடி ஏற்பை ரத்துச் செய்தது. பஞ்சலிங்கம் சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சீல் அடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார். இந்த நபரிடம் எமது சபைக்கு எவ்வித உரித்தும் இல்லை; இவர் நாட்டைவிட்டுச் செல்வதில் ஆட்சேபம் இல்லை என்று அதில் இருந்தது.

பளீல் அதை வாசித்துக் காட்டியபோது சவரிமுத்து, "இன்னொரு தடவை படிங்க" என்றார். பளீல் படித்தார்.

"துண்டுங்க," என்றார் சவரிமுத்து. "எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டாரு, கெடைக்கல. நான் கேக்கவே இல்ல, குடுத்துட்டாங்க."

பளீல் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

புறப்படும் தேதி உடனே வந்துவிட்டது. திருப்பியனுப்பல் பிரிவு எதையாவது விரைவாகச் செய்ததென்றால் அது அதைத்தான். பொல்காவலை ரயில் நிலையத்தில் கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். லயத்தில் பாதிப்பேர் அவரை வழியனுப்பப் பொல்காவலை வரைக்கும் பஸ்ஸில் வந்தார்கள். மேடையில் அவரைப் போலவே தகரப் பெட்டியும் பாயுமாக வேறு தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அழுததால் யார் யாருக்காக அழுகிறார்கள் என்று தெரியவில்லை. ரோசலின் அழவில்லை. ஒரு துணியில் அவித்த கிழங்கு கட்டிவந்திருந்தாள். அதை அவர் கையில் திணிக்கப் போனபோது கை மூடவில்லை.

"அப்பா, புடிங்க. வண்டி வருது."

சவரிமுத்து தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து மெதுவாக அவள் மடிக்குச் சரிந்தார். கோச்சி வந்தது. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அவ்வளவு நாளாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கடைசியில் செய்து கொடுத்தார். ஒரு வாரம் பிந்திவிட்டது.

ஜோன் அடுத்த பஸ்ஸிலேயே தோட்டத்துக்கு ஓடி, தெரேசம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்ட ஆள் சேர்த்தான். ரோசலின் உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திடீர் மரண விசாரணை அதிகாரி இரக்கமுள்ளவர். அவளுக்கு உட்கார நாற்காலி கொடுத்துத்தான் விளக்கினார். இறந்தவர் அந்த நாட்டுப் பிரசை. அவள் இந்த நாட்டுப் பிரசை. ஒரு நாட்டுப் பிரசையின் சடலத்தை இன்னொரு நாட்டுப் பிரசை கோர முடியாது. அவருடைய நாட்டு அலுவலகம்தான் கோர வேண்டும். அந்த நாட்டு அலுவலகத்திலிருந்து, கப்பலில் கால் வைத்த பிறகே தங்கள் பொறுப்புத் தொடங்கும், இவர் கால் வைக்கவில்லை என்று பதில் வந்தது. தோட்டத்தில், செக்ரோலில் இல்லாத ஆள் தங்கள் ஆளே அல்ல என்றார்கள். ரோசலின் ஒவ்வொரு நாளும் பிரேத அறை வாசலில் போய் நின்றாள். விதித்த நாட்கள் முடிந்தன. சவரிமுத்து உரிமை கோரப்படாத உடல் என்று அறிவிக்கப்பட்டார்.

உரிமை கோரப்படாத உடல்கள் சட்டப்படி உடலேற்பு ஒழுங்குபடுத்தற் சபைக்குப் போகும்.

நீளமான வெள்ளை வான் முதல் தடவையாகக் கிளப்பப்பட்டது. குளிர் அறைக்கு அவசரமாக மின்சாரம் இழுத்தார்கள். ரோசலின் மாடி வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பஞ்சலிங்கத்தின் முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு மலர்ச்சி இருந்தது. அவளைக் கண்டதும் அதை மறைத்துக்கொண்டார். அந்தளவுக்கு அவர் பண்பானவர்தான்.

"அப்பாவைக் குடுங்கய்யா. குழி வெட்டி வெச்சிருக்கோம்."

"ஏலாது, பிள்ளை. இது உரிமை கோரப்படாத உடம்பு."

"நான் கோருறேனே ஐயா. இந்தா முன்னாடி நிக்கிறேனே."

"நீர் கோருறீர். ஆனா உம்மால கோர ஏலாது."

அவள் மடித்து வைத்திருந்த சீல் அடித்த தாளை எடுத்து நீட்டினாள். "எந்த உரித்தும் இல்லைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அந்த நாட்டு ஆளோட ஒடம்பு வேணான்னீங்களே?"

பஞ்சலிங்கம் அதை வாங்கி, தன் கையெழுத்துத்தான் என்று உறுதிசெய்துகொண்டு, திருப்பிக் கொடுத்தார்.

"இது கொடையாளருக்குக் குடுத்தது. கொடை குடுக்கிறவர் பிரசையா இருக்க வேணும். உரிமை கோரப்படாத உடம்புக்கு அந்த நிபந்தனை இல்லை. அப்ப அவர் கொடையாளர். இப்ப அவர் பொருள். இரண்டும் இரண்டு விதி." பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, யோசிச்சுப் பாரும். உம்மட அப்பா ஆசைப்பட்டது என்ன? இந்த நாட்டை விட்டுப் போகக் கூடாது எண்டதுதானே? இனி அவரை ஒருத்தரும் அனுப்ப ஏலாது. எங்கட பதிவு இடாப்பில முதலாவது ஆள் அவர்தான்."

"எப்பங்க ஐயா விடுவீங்க?"

"படிச்சு முடிய. முடிஞ்சதும் எஞ்சினதை உரிமை உள்ள ஆளிட்டைக் குடுப்பம்."

உரிமை உள்ள ஆள் யார் என்று ரோசலின் கேட்கவில்லை.

ரப்பர் மலைக்குக் கீழே குழி திறந்தபடி கிடந்தது. மழை பெய்து அதில் தண்ணீர் நின்றது. மாடு விழும், மூடுங்கள் என்று தோட்டத்துக் கண்டக்டர் ஐயா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ரோசலின் குழியைச் சுற்றிக் கம்பு நட்டாளே தவிர மூட விடவில்லை. மழை நின்றதும் ஜோன் இறங்கித் தண்ணீரை வாளியால் இறைப்பான். பிறகு மறுபடியும் மழை பெய்யும்.

மூன்று மாதம் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ரோசலின் அதை எடுத்துக்கொண்டு கேகாலைக்கு வந்து பளீலிடம் கொடுத்தாள். பளீல் உறையைப் பார்த்ததுமே திருப்பியனுப்பல் பிரிவு என்று தெரிந்துகொண்டார். முழுதும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன நானா போட்டிருக்கு?"

"தங்கச்சி, இத நீங்க கேட்டும் வேலையில்ல. விடுங்க."

"சொல்லுங்க நானா."

"பெரியவர் கப்பல் ஏறல்லயாம். அனுமதி முடிஞ்ச பொறகும் களவா இந்த நாட்டுல தங்கி ஈக்காராம். எங்க ஈக்காரிண்டு பதினாலு நாளைக்குள்ள சொல்லோணுமாம். இல்லாட்டி போலீஸ் தேடிப் புடிச்சி, காவல்ல வெச்சி, அனுப்புமாம்." பளீல் தாளை மடித்தார். "மவுத்தாகிட்டாரிண்டு ரெண்டு வரி எழுதிப் போடுறேன். நீங்க போங்க."

"வேணாம் நானா. மவுத்தாயிட்டாருன்னு எழுதாதீங்க."

பளீல் நிமிர்ந்து பார்த்தார். ரோசலின் மேசைக்குக் கிட்டே வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்காருன்னு எழுதுங்க. எங்க இருக்காருன்னு வெவரமா எழுதுங்க. ரோட்டுப் பேரு, அந்த மாடி வீடு, பின்னுக்கு இருக்கிற ரூமு, எல்லாம் போடுங்க. நான் கேட்டா அந்த ஐயா குடுக்க மாட்டேங்குறாரு. போலீஸ் வந்து கேட்டா குடுத்துத்தானே ஆகணும்?"

"தங்கச்சி..."

"புடிச்சிக்கிட்டுப் போகட்டும் நானா. கோச்சிக்குக் கொண்டு போறப்ப எல்லேதெனிய வழியா போகச் சொல்லி மட்டும் ஒரு வரி சேத்துக்குங்க. ரொம்ப நேரம் எடுக்காது. தண்ணிய எறைச்சுத்தான் வெச்சிருக்கோம்."